தாய் அறிந்த கிருமியும் சேய்க்குக் கிடைக்கும் காவலும்

குன்றிமணியின் நஞ்சை எலிகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கினார் பால் எர்லிக் என்ற ஆய்வாளர். 1890களின் தொடக்கத்தில் பெர்லினில் நடந்த ஆய்வு அது. நம் ஊர் வேலியோரங்களில் சிவப்பும் கறுப்புமாக வெடித்துத் தொங்கும் அதே குன்றிமணிதான். அதிலுள்ள அப்ரின், ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் ஆகிய இரண்டு நஞ்சுகளும் அவருடைய சோதனைப் பொருள்கள். அளவை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், வேறோர் எலியைக் கொன்றுவிடக்கூடிய அளவையும் பழகிய எலி தாங்கிக்கொள்வதைக் கண்டார். அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். நஞ்சைத் தாங்கப் பழகிய தாயெலியின் குட்டிகளைச் சாதாரணத் தாயிடமும், சாதாரண எலியின் குட்டிகளைப் பழகிய தாயிடமும் பால் குடிக்க விட்டார். எதிர்ப்புப் பெற்ற தாயிடம் பால் குடித்த குட்டிகள், அவள் ஈன்றவையல்ல என்றபோதும், நஞ்சைத் தாங்கின. 1892இல் இந்த முடிவு வெளியானது. நோயை எதிர்க்கும் திறன் பால் வழியாகவும் பிள்ளைக்குப் போகிறது என்பதற்கு ஆய்வுக்கூடம் தந்த முதல் தெளிவான சான்று இது.

ஆனால் எலிக்குட்டி வேறு, மனிதக் குழந்தை வேறு. எலிக்குட்டியின் குடல் பாலிலுள்ள எதிர்ப்பான்களை அப்படியே இரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும். ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் எதிர்ப்புப் புரதங்களையே இங்கு எதிர்ப்பான்கள் என்கிறேன். கன்றுக்குட்டியின் கதையும் இதுதான். பசுவின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு எதிர்ப்பான் எதுவும் வருவதில்லை. பிறந்தபின் சீம்பாலில் வருவதை முதல் ஒரு நாளுக்குள் குடல் உறிஞ்சிக்கொண்டால்தான் உண்டு. மாடு வளர்ப்பவர்கள் கன்றைச் சீம்பால் குடிக்கவிடுவதில் அத்தனை கவனமாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மனிதக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகவே ஒருவகை எதிர்ப்பான் வந்துவிடுகிறது. ஐஜிஜி என்ற அந்த வகை, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் பெருமளவு கடந்து வருகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு தாயின் அளவை எட்டியிருக்கும், சில சமயம் மிஞ்சியும் இருக்கும். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தக் கொடை பாதியில் நின்றுபோகிறது. கிடைத்ததும் நிலைப்பதில்லை. ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். பாலிலுள்ள எதிர்ப்பான்களையோ மனிதக் குழந்தையின் குடல் இரத்தத்துக்குள் மிகச் சொற்பமாகவே விடுகிறது. அப்படியானால் தாய்ப்பாலில் அவை எதற்காக அவ்வளவு நிறைந்திருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடையின் தொடக்கம் கிடைப்பதற்கே எர்லிக்குக்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் ஹான்சன் என்ற ஆய்வாளர், இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பானும் பாலில் இருக்கும் எதிர்ப்பானும் ஒன்றல்ல என்று 1961இல் காட்டினார். பாலில் மிகுந்திருப்பது ஐஜிஏ வகை. அதுவும் தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டாக இணைந்து, கூடவே இன்னொரு புரதத்துண்டையும் போர்த்திக்கொண்டு வருகிறது. மார்பின் சுரப்புச் செல்கள் இந்த இணையை உள்ளிருந்து பாலுக்குள் கடத்தும்போது, கடத்திய புரதத்தின் ஒரு பகுதி அதன்மேல் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அந்தப் போர்வை இருப்பதால்தான் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் இதை எளிதில் சிதைத்துவிட முடியவில்லை. குடித்த எதிர்ப்பானில் ஒரு பகுதி சிதையாமலே மலத்தோடு வெளியேறுகிறது. இரத்தத்துக்குள் போகாத இது குழந்தைக்கு எப்படிப் பயன்படுகிறது என்ற கேள்வியின் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. இது வேலை செய்யவேண்டிய இடம் இரத்தம் அல்ல. தொண்டை, உணவுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்புறச் சவ்வுதான் இதன் பணிக்களம். பச்சிளங்குழந்தையைத் தாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை இப்படியொரு சவ்வைத் துளைத்துத்தான் உள்ளே புகுகின்றன. ஐஜிஏ அவற்றைப் பற்றிக்கொண்டு, சவ்வில் ஒட்டவிடாமல் செய்கிறது. ஒட்ட முடியாத கிருமி குடலின் ஓட்டத்தோடு வெளியே போய்விடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடம்பு பொதுவாகக் கிருமியோடு மோதும்போது அழற்சி ஏற்படும். வீக்கம், காய்ச்சல், திசுச் சிதைவு எல்லாம் அதன் பின்விளைவுகள். மூன்று கிலோகூட இல்லாத உடம்பின் மெல்லிய குடலுக்கு அந்த மோதலே ஆபத்து. ஐஜிஏ அப்படியொரு கலவரத்தைத் தூண்டாமல் கிருமியை விலக்கிவைக்கிறது. பாலிலுள்ள மற்ற சில பொருள்கள் அழற்சியை அடக்கவும் செய்கின்றன. சத்தமில்லாத இந்தக் காவலைத்தான் தாய்ப்பாலின் மிகப் பெரிய திறமையாக நான் கருதுகிறேன்.

முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் ஐஜிஏ ஒரு லிட்டருக்குப் பத்து கிராமைத் தாண்டும். பால் பெருகப் பெருகச் செறிவு குறைந்து, லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் நிலைக்கும். ஆனால் குழந்தை குடிக்கும் பாலின் அளவு கூடுகிறதே. ஆகவே முழுக்கத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இந்த எதிர்ப்பான் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிற்றுடம்பு தானாக இதை உருவாக்கிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும்.

இந்த எதிர்ப்பான்கள் எந்தக் கிருமிக்கு எதிரானவை என்று பார்த்தால்தான் விஷயத்தின் ஆழம் தெரியும். 1975இல் ஹான்சனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார்கள். கர்ப்பிணிகள் சிலருக்கு, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் தீங்கற்ற ஒரு வகையை விழுங்கக் கொடுத்தார்கள். அந்தக் கிருமி தாயின் குடலில்தான் இருந்தது. ஆனால் பிரசவத்துக்குப் பின் அவர்களுடைய சீம்பாலில், குறிப்பாக அந்த வகைக்கு எதிரான எதிர்ப்பானை உருவாக்கும் செல்கள் காணப்பட்டன. தாயின் குடல் சந்தித்த கிருமியைப் பற்றிய செய்தி மார்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்வந்த ஆய்வுகள் அந்த வழியைத் துலக்கின. குடற்சுவரிலுள்ள நிணநீர்த் திட்டுகளில் கிருமியை அடையாளம் கண்ட வெள்ளணுக்கள், பேறுகாலத்தில் மார்புத் திசுவை நோக்கிப் பயணப்பட்டு அங்கேயே தங்கி எதிர்ப்பானைச் சுரக்கத் தொடங்குகின்றன. மூச்சுக்குழாயில் சந்தித்த கிருமிகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

இதன் பொருள் மிக எளியது. ஒரு தாய் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாளோ, எந்தச் சந்தில் நடக்கிறாளோ, எந்த வீட்டில் படுத்து எழுகிறாளோ, அந்த இடத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்புதான் அவள் பாலில் இருக்கிறது. அவள் குழந்தை சந்திக்கப்போவதும் அதே கிருமிகளைத்தான். மதுரைத் தாயின் பாலில் மதுரைக் கிருமிகளுக்கான எதிர்ப்பு இருக்கும், தூத்துக்குடித் தாயின் பாலில் தூத்துக்குடிக்குரியது இருக்கும். எந்தத் தொழிற்சாலையிலும் இதைத் தயாரித்து டின்னில் அடைக்க முடியாது, ஏனென்றால் டின் எந்த ஊருக்குப் போகப்போகிறது என்று தொழிற்சாலைக்குத் தெரியாது.

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்துபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவை முன்னணியில் இருப்பதையும், அவற்றில் பெரும்பகுதி பலவகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காதவையாகிவிட்டதையும் காட்டியது. மருந்து தோற்கும் இடத்தில், கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கும் பாலின் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஆனால் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் தாய் வேறு தளத்திலுள்ள வார்டிலும் கிடந்தால், அந்தப் பிரிவின் கிருமிகளைத் தாயின் உடம்பு எப்படி அறியும்? கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியானது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கி, தாயும் சேயும் சிகிச்சைப் பிரிவிலேயே ஒன்றாக இருக்கும்படி செய்தபோது, முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. இந்தப் பலனில் பாலின் பங்கு எவ்வளவு, தாயின் சூட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தாயைப் பார்வையாளராக வெளியே நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை என்பதை இந்த ஆய்வு நிறுவிவிட்டது.

எதிர்ப்பானோடு பாலின் வேலை முடிவதில்லை. லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்புச்சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். இரும்பு கிடைக்காத பாக்டீரியா பெருக முடியாது. கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கும் லைசோசைமை 1922இல் அடையாளம் கண்டவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலினைக் கண்டறிவதற்கு முன்பே அவர் செய்த வேலை இது. பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் இந்த நொதி, பசும்பாலில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு தாய்ப்பாலில் இருக்கிறது. பாலின் கொழுப்பு செரிக்கும்போது பிரியும் அமிலங்களும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளைக் கொல்கின்றன. போதாக்குறைக்குச் சீம்பாலில் உயிருள்ள வெள்ளணுக்களே இலட்சக்கணக்கில் நீந்துகின்றன. தாய்க்கோ சேய்க்கோ தொற்று வந்தால் பாலில் அவற்றின் எண்ணிக்கை உயர்வதும் தெரியவந்திருக்கிறது. குழந்தையின் எச்சில் மார்புக்காம்பு வழியே உள்ளே போய், ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று தாயின் உடம்புக்குச் சொல்வதாகச் சமூக ஊடகங்களில் ஒரு செய்தி பரவிக்கொண்டே இருக்கிறது. கேட்க அழகாக இருந்தாலும், அது இன்னும் ஊகம்தான். உறுதியானவையே இத்தனை இருக்கும்போது ஊகத்தைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

பாலிலுள்ள சர்க்கரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லாக்டோஸ் அல்லாமல், ஒலிகோசாக்கரைடு எனப்படும் கூட்டுச் சர்க்கரைகள் தாய்ப்பாலில் 150 வகைக்கு மேல் உள்ளன. பாலின் திடப்பொருள்களில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் இவற்றுக்குத்தான். வியப்பு என்னவென்றால், இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. தாயின் உடம்பு தன் சத்தைச் செலவழித்து, குழந்தைக்கு உணவாகாத ஒன்றை இவ்வளவு ஏன் செய்கிறது? பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி திசியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, அதில் கவை பிரிந்த வடிவில் ஒரு பாக்டீரியா நிறைந்திருப்பதைக் கண்டார். இன்று பிஃபிடோ பாக்டீரியா என்று அழைக்கப்படுவது அதுதான். அந்தச் சர்க்கரை இந்த பாக்டீரியாவுக்கான சாப்பாடு. அதை உண்டு பிஃபிடோ பெருகுகிறது, குடலை அமிலத்தன்மை உடையதாக்குகிறது, நோய்க்கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. தாய் ஊட்டுவது ஒரு பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளையின் குடலில் குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும்தான்.

இரண்டாவது வேலையும் இந்தச் சர்க்கரைகளுக்கு உண்டு. பல கிருமிகள் குடற்சுவரிலுள்ள சர்க்கரைத் தொங்கல்களைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. பாலிலுள்ள சர்க்கரை அதே உருவில் இருப்பதால், கிருமி ஏமாந்து அதைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் கிருமி இப்படி ஏமாறுவதை மெக்சிகோவில் நடந்த ஆய்வுகள் காட்டின.

எல்லாக் கிருமியும் ஏமாறுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு விசித்திரமான ரோட்டாவைரஸ் வகை நெடுநாளாகத் தென்பட்டு வந்தது. சில குழந்தைகளுக்கு அதனால் நோய் வந்தது, சிலருக்கு அறிகுறியே இல்லை. ககன்தீப் காங்கின் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து தாய்மார்களின் பாலை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. அந்த வைரஸுக்கு இந்தச் சர்க்கரைகள் பொறியாக அமையவில்லை. அதுமட்டுமல்ல, நோய் கண்ட குழந்தைகளின் தாய்மார்களுடைய பாலில் குறிப்பிட்ட மூன்று சர்க்கரைகள் கூடுதலாக இருந்தன. தாய்ப்பாலை எல்லா நோய்க்கும் கைகண்ட மருந்தாகப் பேசுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கிருமிகளும் நம்மோடு சேர்ந்தே பரிணமித்தவை. ஒன்றிரண்டு இந்தக் காவலையும் தாண்டக் கற்றுக்கொண்டிருக்கலாம். மொத்தத்தில் வைத்துப் பார்த்தால் தாய்ப்பாலின் காவலே பலமாக நிற்கிறது.

அந்த மொத்தத்தைப் பிரித்து விற்க முயன்றவர்களுக்குக் கிடைத்த பாடமும் கவனிக்கத்தக்கது. லாக்டோஃபெரின் இவ்வளவு நல்லது என்றால், பசும்பாலிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்தால் என்ன? பிரிட்டனில் 2,203 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, கொடுத்த குழந்தைகளில் 29 சதவீதத்தினருக்கும் கொடுக்காதவர்களில் 31 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். இப்போது பால் மாவு டப்பாக்களில் ஒன்றிரண்டு ஒலிகோசாக்கரைடுகளைச் சேர்த்து, தாய்ப்பாலுக்கு நெருக்கமானது என்று விளம்பரம் செய்கிறார்கள். 150 வகையில் இரண்டைச் சேர்த்துவிட்டு, உயிருள்ள செல்லும் ஊருக்கேற்ற எதிர்ப்பானும் இல்லாத ஒன்றை நெருக்கமானது என்பது வாங்குபவரை ஏமாற்றும் பேச்சு.

நோயாளிக் குழந்தைகளின் படுக்கையோரத்தில் கிடைத்த சான்றுகளில் நம் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் மருத்துவர் இந்திரா நாராயணனும் சகாக்களும் எடை குறைந்த 226 பச்சிளங்குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1984இல் லான்செட் இதழில் வந்த அந்த முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சூடுபடுத்தாத தாய்ப்பால் மட்டும் பெற்ற குழுவில் தொற்று 10.5 சதவீதம். சூடுபடுத்தித் தூய்மை செய்த தாய்ப்பால் பெற்ற குழுவில் 14.3. சூடுபடுத்தாத தாய்ப்பாலோடு பவுடர் பாலும் சேர்ந்தபோது 16. சூடுபடுத்திய தாய்ப்பாலோடு பவுடர் பால் சேர்ந்த குழுவில் 33 சதவீதம். சூடு பாலின் காவலைக் கொஞ்சம் குறைக்கிறது, பவுடர் பால் கலப்பது இன்னும் குறைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் காவல் சரிந்துவிடுகிறது என்று இந்த நான்கு எண்களும் சொல்கின்றன. பிரிட்டனில் ஆலன் லூகாஸ் 926 குறைப்பிரசவக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், குடற்சுவர் அழுகும் கொடிய நோய் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக இருந்தது.

கொஞ்சம் கொடுத்தாலும் பயன் உண்டா என்ற கேள்விக்கு லாகூர் விடை தந்தது. ஹான்சனும் பாகிஸ்தான் மருத்துவர்களும் அங்கே பச்சிளங்குழந்தைகளின் இரத்தத் தொற்றை ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள். பகுதியளவு தாய்ப்பால் குடித்த குழந்தைகள்கூட, துளியும் குடிக்காதவர்களைவிடப் பெரிதும் காப்பாற்றப்பட்டிருந்தார்கள். பால் போதவில்லை என்று மனம் உடைந்து முற்றாக நிறுத்திவிடும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வருகிறதை விடாமல் கொடுங்கள், அதுவும் வேலை செய்யும்.

எப்போது தொடங்குவது என்பதிலும் சான்று கறாராக இருக்கிறது. கானாவில் 10,947 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளிலேயே தாய்ப்பால் தொடங்கினால் பச்சிளங்குழந்தை இறப்பில் 16 சதவீதத்தையும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் 22 சதவீதத்தையும் தவிர்க்கலாம் என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் திரட்டிய தரவும் 2011இல் இதையே உறுதி செய்தது. 24 மணி நேரத்துக்குப் பிறகு பால் கொடுக்கத் தொடங்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு அதிகமாக இருந்தது.

இந்த இடத்தில் நம் வீட்டு வழக்கங்களைப் பேசாமல் இருக்க முடியாது. பசு கன்று ஈன்றால் சீம்பாலுக்கு அக்கம்பக்கத்தில் போட்டி. பெற்ற பெண்ணின் முதல் பால் மஞ்சளாகக் கெட்டியாக வந்தால் ‘அது கெட்ட பால், பீய்ச்சி விட்டுடு’ என்பார் வீட்டுப் பெரியவர். அந்த மஞ்சள் கரோட்டின் சத்தின் நிறம். பீய்ச்சிக் கொட்டப்படுவது வாழ்நாளிலேயே எதிர்ப்பான் மிகச் செறிந்து கிடைக்கும் பால். அதற்குப் பதிலாகச் சேனை வைக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை முளைக்காது, பிஞ்சுக் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைக் கக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது என்பது அதனால்தான். கழுதையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வாசலிலேயே கறந்து சங்கில் ஊற்றித் தரும் பாலையும் சளி வராது, காமாலை வராது என்று நம்பிப் புகட்டுகிறார்கள். காய்ச்சாத பால், கழுவாத காம்பு, பலர் கை பட்ட பாத்திரம். எந்த அன்பின் பெயரால் கொடுத்தாலும் அது கிருமிக்கான கதவைத் திறந்துவிடுவதுதான். பாட்டிமார்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் பேரப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றே செய்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து எடுத்துச்சொல்ல நமக்குத்தான் நேரமில்லாமல் போய்விட்டது.

தாய்ப்பாலோடு வேறொன்றைக் கலப்பது ஏன் இத்தனை கேடு என்பதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடைத்தது. எச்ஐவி கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவும் என்பது உண்மை. ஆனால் ஆன்னா கூட்சூடிஸ் தலைமையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், தொற்றுள்ள தாய்மார்களில் வெறும் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களின் குழந்தைகளுக்கு, தாய்ப்பாலோடு தண்ணீரும் மற்ற உணவும் கலந்து கொடுத்தவர்களின் குழந்தைகளைவிடக் குறைவாகவே தொற்று பரவியிருந்தது. பிற உணவு பிஞ்சுக் குடலின் சவ்வைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி விடுகிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இன்று கூட்டு மருந்து உட்கொள்ளும் தாய்மார்களிடமிருந்து பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல், சளிக்கெல்லாம் பால் கொடுப்பதை நிறுத்தும் வழக்கமும் தவறு. தாய்க்குக் காய்ச்சல் தெரியும் முன்பே கிருமி குழந்தையை எட்டியிருக்கும். நிறுத்தினால் அதற்கான எதிர்ப்பான் மட்டும் போகாமல் நின்றுவிடும். கொரோனா காலத்தில் பல மருத்துவமனைகள் தாயையும் சேயையும் பிரித்துவைத்தபோதும், தொடர்ந்து பால் கொடுக்கும்படியே உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்தியது. தொற்றிலிருந்து மீண்ட தாய்மார்களின் பாலில் அந்த வைரஸுக்கு எதிரான ஐஜிஏ இருப்பதும் விரைவிலேயே தெரியவந்தது.

தமிழ்நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான். ஆறு மாதம் வரை வெறும் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் சுமார் 55 சதவீதம், இந்திய சராசரியான 63.7ஐ விடக் குறைவு. செவிலியர் இல்லாத குடிசையில் பிறந்த குழந்தைகளின் கணக்கல்ல இது. கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் மருத்துவரின் கண்முன் பிறந்த ஒரு மாநிலத்தின் கணக்கு. சேனையையும் கழுதைப்பாலையும் மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம். அறுவை முடிந்ததும் குழந்தை ஒருபக்கம், தாய் ஒருபக்கம். ‘அம்மாவுக்கு மயக்கம் தெளியட்டும்’ என்று சொல்லி உறவினர் கையில் பவுடர் பால் சீட்டு கொடுக்கப்படுவதைப் பார்க்காத குடும்பம் குறைவு. உண்மையில் இப்போது பெரும்பாலான சிசேரியன்கள் முதுகுத் தண்டில் ஊசி போட்டே செய்யப்படுகின்றன. தாய் விழித்துத்தான் இருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் அவள் மார்பில் குழந்தையை வைக்கலாம்.

குழந்தைக்குச் சப்ப வலுவில்லை என்றால் கூட வழி இருக்கிறது. அனுபவமுள்ள செவிலியர் செய்வதைப் பார்த்தால் தெரியும். மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, விரல்களால் மெல்ல அழுத்திப் பீய்ச்சுவார். முதலில் எதுவும் வராது. பிறகு மஞ்சள் துளி ஒன்று முத்துப்போல் நிற்கும். அதைக் கீழே விடாமல் பாலாடையின் குழிவில் ஏந்துவார். பத்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி சேர்ந்தால் அதிகம். மூக்கு நீண்ட அந்தப் பாலாடையைக் குழந்தையின் உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கேட்பதும் அவ்வளவே. பால் போதவில்லை என்று அழும் தாய்க்கு இந்தத் தேக்கரண்டியைக் காட்டினாலே பாதி அச்சம் போய்விடும்.

தாயின் பால் உண்மையிலேயே கிடைக்காத குழந்தைக்கு அடுத்த சிறந்த வழி வேறொரு தாயின் பால். மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. இன்று தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் உள்ளன. கொடையாகப் பெற்ற பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துத் தூய்மைப்படுத்துவார்கள். அந்தச் சூட்டில் உயிருள்ள செல்கள் அழிந்துவிடும், லாக்டோஃபெரினும் வெகுவாகக் குறையும். ஐஜிஏவில் கணிசமான பகுதியும் கூட்டுச் சர்க்கரைகளும் தப்பும். பவுடர் பாலைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை.

தாய்ப்பாலுக்கு மாற்றாக வரும் பொருள்களை மக்களிடம் விளம்பரம் செய்வதையும் மருத்துவமனைகள் வழியே பரப்புவதையும் நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்து, அரிய பிறவிக் கோளாறு போன்ற காரணங்களுக்காகப் பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அந்தத் தாய்மார்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தேவையே ஆராயாமல் முதல் நாளிலேயே டப்பா எழுதித் தருவது சிகிச்சை ஆகாது. பிரசவத்துக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் அறை வாடகையையும் ஏசி வசதியையும் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: சிசேரியன் ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போடுவீர்களா, பாலைப் பீய்ச்சி ஊட்டக் கற்றுத்தர இரவிலும் ஒரு செவிலியர் இருப்பாரா? தயக்கமில்லாமல் ‘உண்டு’ என்று சொல்லும் இடத்தில் சேருங்கள். இல்லை என்றால் வேறிடம் பாருங்கள்.